மேலாண்மைக் கல்வியில் துணையும் தோழமையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இக்கழகத்தின் மாலை வகுப்பிலும் விடுதியிலும் பயின்று, பின்னர் வணிக மேலாண்மையில் முதுநிலைப் படிப்பை முடித்து, இன்று வங்கியிலும் தொழிற்சாலையிலும் சொந்தத் தொழிலிலும் இருக்கின்ற பழைய மாணவர் பதினொருவரின் சார்பில் இவ்வுரை நிகழ்த்தப்படுகின்றது. ஆதலால் 'நான்' என்று கூறாது 'நாங்கள்' என்றே பேசுகின்றோம். பேசுபவர் ஒருவர்; சொல் பதினொருவருடையது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பால்வாடிக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் மாலை வகுப்பாகத் தொடங்கிய இக்கழகம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்த தொண்டினை இம்மலரின் வேறு பக்கங்கள் விரித்துரைக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. பள்ளியைக் கடந்து, கல்லூரியையும் கடந்து, எம்.பி.ஏ. போன்ற உயர்படிப்பில் காலெடுத்து வைக்கும் நம் பிள்ளைக்கு அங்கே உற்ற துணை யார் என்பதே அது.

"அவ்வளவு உயரத்துக்குப் போனவனுக்குத் துணை எதற்கு? தனியாக நிற்கத் தெரிந்ததனால்தானே அங்கே போனான்?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் அன்பும் உண்டு, பெருமிதமும் உண்டு. ஆயினும் அது உண்மையன்று என்பதை எடுத்துக்காட்டுவதே எங்கள் நோக்கமாகும்.

இரண்டாண்டுப் படிப்பின் இயல்பு

மேலாண்மைப் படிப்பு, தனியே அமர்ந்து நூலைப் படித்துத் தேர்வெழுதும் படிப்பன்று. அதன் அமைப்பே வேறு. 'கேஸ்' என்று சொல்லப்படும் ஒரு நிறுவனத்தின் உண்மை வரலாறு இருபது முப்பது பக்கங்களில் முதல்நாள் கொடுக்கப்படும். அந்நிறுவனத்தின் கணக்கும், அதன் இக்கட்டும் அதில் இருக்கும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் விரிவுரை ஆற்றமாட்டார், "நீர் அந்த மேலாளராயின் யாது செய்வீர்?" என்று கேட்பார். கை உயர்த்திப் பேசுவோருக்கு மதிப்பெண் உண்டு. வாய் திறவாதார்க்கு அது குறையும். வரவு செலவுக் கணக்கியல், புள்ளியியல், சந்தையியல், நிதி என ஒரே பருவத்தில் ஏழெட்டுப் பாடங்கள் நடக்கும். ஒப்படைப்புகளில் பல, ஐந்தாறு பேர் அடங்கிய குழுவாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை.

முதலாண்டின் முடிவில் இரண்டு மாத அளவுக்கு ஒரு நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சி. இரண்டாம் ஆண்டின் இறுதியில் வளாக நேர்முகத் தேர்வு. இவ்விரண்டுக்கும் ஆயத்தம் செய்ய வேண்டுமாயின், எந்த நிறுவனம் எத்தகைய வினாக்களைக் கேட்கும், தன்விவரக் குறிப்பில் எதனை முன்னே எழுதுவது, சென்ற ஆண்டு தேர்வானவர் என்ன விடை சொன்னார் என்பவற்றை அறிந்திருத்தல் வேண்டும். இவை எந்த நூலிலும் இல்லை. மூத்த மாணவர் அறையிலே, உணவு மேசையிலே, நள்ளிரவுத் தேநீரின்போது வாய்மொழியாகவே இவை கைமாறுகின்றன. அந்த மேசையில் நமக்கு இருக்கை இல்லையாயின், நாம் இழப்பது வெறும் பேச்சுத் துணையை மட்டும் அன்று. பாடத்தின் ஒரு பகுதியையே இழக்கின்றோம்.

பிறந்த வீட்டிலேயே பங்குச் சந்தைப் பேச்சையும் தொழிற்சாலைப் பேச்சையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இத்துணை பரம்பரைச் சொத்தாகக் கிடைத்துவிடுகின்றது. மாமன் ஒரு நிறுவனத்தில் இருப்பார்; அத்தை மகன் அதே நிலையத்தில் முன்பு படித்திருப்பார். நம் பிள்ளைக்கோ, குடும்பத்தில் முதற்பட்டதாரி என்பதோடு, அந்நிலையத்தின் பெயரை ஊரில் முதன்முதலாக உச்சரித்தவன் என்னும் நிலைமையும் உண்டு. ஐயம் வந்தால் எவரைக் கேட்பது?

மறைந்து வாழ்வதன் விலை

இத்தனிமை புதியதன்று. நம் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் தம் கோயம்புத்தூர்ப் படிப்பைக் குறிப்பிடுகின்றார். ஏறத்தாழ நானூறு மாணவர்களுள் பத்துப்பேர் தவிர ஏனையோர் பார்ப்பன மாணவர். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் வெளிப்பட்டால் இழிவாக நடத்துவரோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவாராம். வகுப்பு கலைந்ததும் பிறர் எட்டிப் பிடிக்காவண்ணம் விரைந்து நடந்து வீடு சேர்வாராம். உடன் விளையாடக் கூடாத நிலை அவர் மனத்தை மிக வருத்தியது.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்நிகழ்ச்சியைப் படித்தபோது எங்களுள் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பயின்ற நிலையங்களில் எவரும் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. எவரும் வெளிப்படையாகச் சாதி கேட்கவும் இல்லை. "பொது நுழைவுத் தேர்வில் உமக்கு என்ன பர்சென்டைல்?" என்றே கேட்டனர். அக்கேள்விக்கு விடை சொன்ன மாத்திரத்திலே, கேட்டவருக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடும். வடநாட்டில் பயின்றவர்களுக்கு இன்னொரு கேள்வியும் வரும்: "உமது குடும்பப் பெயர் என்ன?" நம் பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரில் ஓரெழுத்து முன்னே நிற்குமேயன்றிக் குடும்பப் பெயர் என ஒன்று ஏது? அவ்வினாவுக்கு விடையளித்து விடையளித்து ஓய்ந்தவர் எங்களுள் உண்டு.

முதல் வாரத்தில் குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் அறிவிப்பார். ஒரு மணி நேரத்தில் குழுக்கள் அமைந்துவிடும். எஞ்சி நிற்பவர் நால்வரோ ஐவரோ. அவர்கள் எப்படி எஞ்சினர் என்பதை எவரும் பேசமாட்டார். எங்களுள் ஒருவர், தாம் பயின்ற நிலையத்தில் இரண்டு பருவங்கள் முழுவதும் உணவுக் கூடத்திற்குப் பிறர் வந்து போன பின்னரே சென்று உண்டார். எவரும் அவரைத் தடுத்ததில்லை. ஆயினும், சென்றமர்ந்தால் பேச்சு நின்றுவிடுமோ என்னும் அச்சம் அவரைத் தடுத்தது. சீனிவாசன் அவர்கள் மணி அடிக்கும்வரை வெளியில் நின்றதற்கும் இதற்கும் வேறுபாடு எவ்வளவு?

இது எங்கள் மனத்தின் கற்பனை என்று எவரேனும் கூறுவராயின், 2006ஆம் ஆண்டில் நடுவண் அரசு பேராசிரியர் சுகதேவ் தோரட் அவர்களின் தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கையைப் பார்க்க வேண்டுகின்றோம். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தைப் பற்றி 2007இல் அளிக்கப்பட்ட அவ்வறிக்கை, பட்டியலின மாணவர் விடுதியில் ஒதுங்கி வாழ நேர்ந்ததையும், விளையாட்டிலும் கலை விழாவிலும் விலக்கப்பட்டதையும், ஆசிரியரின் கவனிப்புக் குன்றியதையும் எடுத்துரைத்தது. அது மருத்துவம் பயிலும் இடம். ஆயினும் இடஒதுக்கீடு வாயிலைத் திறந்துவிடுமேயன்றி, உள்ளே இருக்கை போட்டுத் தராது என்னும் உண்மை எல்லா உயர்கல்வி நிலையங்களுக்கும் பொருந்துவதாகும்.

சீனிவாசன் அவர்களின் வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. பின்னர் அவர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிலையங்களில் கணக்கராகப் பணிபுரிந்தார். வணிகக் கணக்கினைக் கற்ற நம் முன்னோருள் அவரும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. அச்சத்தால் மறைந்து நடந்த அதே மனிதர் 1893ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய ஏட்டுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். எப்பெயரைப் பிறர் அறியாவண்ணம் விரைந்து நடந்தாரோ, அப்பெயரையே தலைப்பாக அச்சிட்டார். இடையில் நிகழ்ந்தது யாது? தம்மைப் போன்றோர் பலரைத் தேடிக் கண்டு, சபையாகக் கூட்டினார். கூட்டம் வந்தபோது அச்சம் போயிற்று.

அண்ணல் பெற்ற துணை

அண்ணல் அம்பேத்கர் தனியொருவராகப் போராடி உயர்ந்தவர் என்று மேடைகளில் நாம் முழங்குகின்றோம். அவருடைய உழைப்பு ஒப்பற்றது; அதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய மாணவப் பருவத்தைக் கூர்ந்து நோக்கின், துணையின் அருமையை அவரைவிட அறிந்தவர் இல்லை எனலாம்.

1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்கள் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையோடு அவர் நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே விடுதியில் உடன் தங்கிய நவல் பதேனா என்னும் பார்சி இளைஞர் அவருடைய வாழ்நாள் நண்பரானார். பேராசிரியர் செலிக்மன் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். இலண்டன் பேராசிரியருக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதினார்.

1917இல் தாயகம் திரும்பியபின், பரோடாவில் தங்க இடமின்றி வெளியேற்றப்பட்டதை நாம் அறிவோம். அதன்பின் பம்பாயில் பங்கு வணிகருக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார் என்பதை அறிந்தவர் சிலரே. ஆலோசனை கூறுபவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் வருகை நின்றது, நிலையம் மூடப்பட்டது. கொலம்பியாவில் பொருளியல் கற்றவருக்கே வணிக உலகம் இவ்வாறு கதவடைத்தது. 1918ஆம் ஆண்டின் இறுதியில் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் பணி ஏற்றார். அங்கும் ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது.

1920இல் இலண்டன் படிப்பைத் தொடரப் புறப்பட்டபோது அவர் கையிலிருந்த பொருள் மூவழிகளில் வந்தது: சிடன்ஹாமில் சிக்கனமாய் வாழ்ந்து சேமித்தது ஒன்று, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவி ஒன்று, நண்பர் பதேனா கொடுத்த ஐயாயிரம் ரூபாய்க் கடன் ஒன்று. அவ்வடித்தளத்தின் மீதுதான் 1923ஆம் ஆண்டில் வெளிவந்த ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய பெருநூல் எழுந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறுகின்றோம். துணை நாடுவது இழுக்கன்று என்பது ஒன்று. துணை நம் தெருவிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பதில்லை என்பது மற்றொன்று. பதேனா நம்மவர் அல்லர். செலிக்மன் நம் நாட்டவரும் அல்லர்.

ஹார்வர்டில் ஐவர்

கடல் கடந்த ஒரு வரலாற்றையும் இங்கே கூற விரும்புகின்றோம். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தோன்றியது; 'கேஸ்' முறையை உலகெங்கும் பரப்பியது அதுவே. 1967ஆம் ஆண்டில் லில்லியன் லிங்கன் என்னும் கருப்பினப் பெண் அங்கே சேர்ந்தார். வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்து, நியூயார்க்கில் வீட்டு வேலை செய்து, பின்னர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அவர். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் நெய்லர் ஃபிட்ஸ்ஹியூ. அவர் 1933இலேயே ஹார்வர்டில் எம்.பி.ஏ. பட்டம் பெற்ற கருப்பினத்தவர். அந்த ஆசிரியரே தம் மாணவியை ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்குமாறு தூண்டினார். ஒருவர் ஏறிய ஏணி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பிறர்க்குப் பயன்பட்டது.

நூற்றுக்கணக்கானோர் சேர்ந்த அவ்வகுப்பில் கருப்பின மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. 1968ஆம் ஆண்டில் அவர்களுள் ஐவர் கூடி ஒரு மாணவர் சங்கம் கண்டனர். தங்களுக்குள் ஆறுதல் கூறிக்கொள்வதோடு அவர்கள் நின்றாரில்லை. பள்ளியின் தலைவர் ஜார்ஜ் பேக்கரிடம் நேரிற் சென்று, கருப்பின மாணவர் தொகையைக் கூட்ட வேண்டும் என்று வற்புறுத்தினர். மாணவர்களைத் தேடும் பொறுப்பினைத் தாங்களே ஏற்றுக் கருப்பினத்தவர் கல்லூரிகளுக்குச் சென்று, தகுதியுடையாரை விண்ணப்பிக்கச் செய்தனர். அடுத்த ஆண்டு சேர்ந்தோர் தொகை இருபதைக் கடந்தது.

லில்லியன் லிங்கன் 1969இல் ஹார்வர்டு எம்.பி.ஏ. பெற்ற முதல் கருப்பினப் பெண்ணானார். 1976இல் கட்டடத் துப்புரவுத் தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது ஆயிரத்து இருநூறு பேருக்கு வேலை தரும் அளவு வளர்ந்தது. துப்புரவு என்னும் தொழிலை ஊழியராக அன்றி உரிமையாளராக அவர் ஏற்றதை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஐவர் தொடங்கிய சங்கம் 2018ஆம் ஆண்டில் பொன்விழாக் கண்டது. 2023ஆம் ஆண்டு சூன் மாதம் அந்நாட்டு உச்சநீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்திற் கொள்வதற்குத் தடை விதித்தது. சட்டம் தந்ததைச் சட்டமே திரும்பப் பெறக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. மக்கள் தாமே கட்டிய துணையைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

பெரியோர் கேட்கும் கேள்வி

இனி, எங்களிடம் நேரிற் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகின்றோம். "பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகள் தெருவில் இருக்கும்போது, இலட்சக்கணக்கில் சம்பளம் பெறப்போகிறவனுக்குக் கழகத்தின் காசைச் செலவிடலாமா? வேலை கிடைத்தபின் அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பானா?" என்று கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனை நாங்கள் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

1956ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் ஆக்ராவில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கல்வி பெற்ற நம்மவர் தம்மைக் கைவிட்டதாக மனம் வருந்தினார். அவ்வருத்தத்தை நாம் அடிக்கடி எடுத்துக்கூறிப் படித்தவரை ஏசுகின்றோம். ஆயின் அக்கைவிடுதல் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதை ஆராய்ந்தோமா?

இரண்டாண்டுக் காலம் தன் பெயரையும் ஊரையும் மறைத்துப் பழகிய இளைஞனை நினைத்துப் பாருங்கள். தந்தையின் தொழில் என்னவென்று கேட்டால் 'விவசாயம்' என்று சொல்லிப் பழகுகின்றான். தாய் தொலைபேசியில் அழைத்தால் அறைக்கு வெளியே சென்று பேசுகின்றான். பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோரை அழைக்காமல் விட்டவரும் உண்டு. மறைப்பதிலேயே வெற்றி கண்டவனுக்கு, வேலை கிடைத்த பின்னர் வெளிப்பட என்ன தேவை? ஊரை மறப்பது சம்பளம் வந்தபின் நிகழ்வதன்று. துணையற்ற அந்த இரண்டு ஆண்டுகளிலேயே அது நிகழ்ந்து முடிகின்றது. அக்காலத்தில் கழகத்திலிருந்து வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்குமாயின், அவன் திரும்பி வருவதற்கு ஒரு வழி திறந்தே இருந்திருக்கும். ஆதலால், இப்பிள்ளைகளுக்குத் துணை நிற்றல் அவர்களுக்குச் செய்யும் கருணை மட்டும் அன்று. தெருவில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காக நாம் இடும் முதலீடும் ஆகும்.

மேலும், நம் மக்களுக்கு மேலாண்மைக் கல்வியால் ஆவது என்ன என்பதையும் எண்ணல் வேண்டும். தமிழ்நாட்டில் தாட்கோ 1974ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. 2005இல் புனேயில் தலித் இந்திய வணிகத் தொழிற் கூட்டமைப்பு தொடங்கப்பெற்றது. நடுவண் அரசுத் துறைகளின் கொள்முதலில் நூற்றுக்கு நான்கு விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் பெறப்பட வேண்டும் என 2012ஆம் ஆண்டின் ஆணை வகுத்தது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தினைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. வாயில்கள் உள்ளன. திட்ட அறிக்கை எழுதவும், ஒப்பந்தப்புள்ளி நிரப்பவும், வங்கி மேலாளரிடம் நம் கணக்கை நம் வாயால் எடுத்துரைக்கவும் வல்லார் நம் தெருவில் எத்தனை பேர்? அவ்வாறு வல்லாரை ஆக்குவதே இப்படிப்பு.

எங்களுக்குக் கிடைத்த துணை

குறைகளையே கூறி நிறுத்துதல் முறையன்று. எங்களுக்கு நன்மை செய்தவற்றையும் கூறுவோம்.

எங்களுள் ஒருவருடைய தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி. சிறுவயது முதலே தந்தையின் முன்பணக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வந்தவர் அவர். முன்பணமாக வாங்கியது எவ்வளவு, ஆயிரம் கல்லுக்குக் கூலி எவ்வளவு, வாரம் பிடித்தம் எவ்வளவு, பருவ முடிவில் எஞ்சிய கடன் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நிதிப் பாட வகுப்பில், ஏழைகள் ஏன் வங்கியை விடுத்துப் பிறரிடம் கடன் வாங்குகின்றனர் என்னும் வினா எழுந்தது. பருவம் தொடங்கி ஏழு வாரம் வாய் திறவாதிருந்த அவர் அன்று எழுந்தார். முன்பணம் என்பது வட்டி எழுதப்படாத கடன் என்றும், அவ்வட்டி குறைந்த கூலியின் உள்ளே மறைந்திருக்கின்றது என்றும், கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். வகுப்பு அமைதியாகக் கேட்டது. அன்று மாலை இருவர் அவரைத் தேடி வந்து, தங்கள் குழுவில் சேர்ந்துகொள்ளுமாறு கேட்டனர். அவ்விருவரும் இன்றளவும் அவருக்கு நண்பர்.

எதை மறைக்க வேண்டும் என்று நம் பிள்ளை கருதுகின்றதோ, அதுவே வகுப்பில் வேறெவரும் அறியாத அறிவாக இருக்கக்கூடும் என்பதே இதனால் விளங்குவது. ஆயினும் எல்லா வகுப்பும் அவ்வாறு கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களுள் மற்றொருவர் பேசியபோது சிலர் நகைத்தனர். நகைப்பைத் தாங்குவதற்கு, அன்றிரவு பேச ஒருவர் வேண்டும். அவருக்கு வாய்த்தவர், மூத்த வகுப்பில் பயின்ற நம்மவரான ஓர் அக்கா. அவர் தம் பழைய குறிப்பேடுகளைக் கொடுத்தார். நேர்முகத் தேர்வுக்குத் தம் தம்பியின் கோட்டினையும் வருவித்துத் தந்தார். "இரண்டு பேர் இருந்தால் போதும் தம்பி, படிப்பை முடித்துவிடலாம்" என்றார்.

ஆகவே துணை இருவகைப்படும். நம் துயரை விளக்காமலே உணரும் நம்மவர் துணை ஒன்று. உடன் பயிலும் பிறரோடு கூடிப் பணியாற்றும் தோழமை மற்றொன்று. முதலாவது இன்றேல் மனம் உடையும். இரண்டாவது இன்றேல் படிப்பின் பயன் குறையும். முதலாவதைக் கோட்டையாக்கி அதனுள் ஒடுங்கிவிடுதல் கூடாது. இரண்டாவதைப் பெறும்பொருட்டு முதலாவதை மறைத்தலும் கூடாது.

செய்ய வேண்டுவன

வெள்ளி விழாக் காணும் கழகத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று, சேர்க்கை முன்பண நிதி. முன்னணி மேலாண்மை நிலையங்களில் இரண்டாண்டுக் கட்டணம் இருபத்தைந்து இலட்சம் ரூபாயையும் தாண்டுகின்றது. மெட்ரிக்குக்குப் பிந்திய உதவித்தொகை 1944 முதல் உள்ளது. தேர்ந்த நிலையங்களில் பயில்வோருக்கான நடுவண் அரசின் உதவித்தொகையும் உண்டு. ஈடின்றிக் கல்விக் கடன் வழங்கும் வித்யாலட்சுமித் திட்டத்துக்கும் 2024இல் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் இடம் கிடைத்த சில நாள்களுக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். உதவித்தொகையோ மாதங்கள் கழித்து வரும். அவ்விடைவெளியில்தான் நம் தாய்மாரின் தாலியும் தோடும் அடகுக் கடைக்குப் போகின்றன. அவ்விடைவெளிக்கு மட்டும் வட்டியில்லாக் கடன் தந்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறுதல் வேண்டும். அப்பணம் சுழன்று அடுத்த பிள்ளைக்குச் செல்லும்.

இரண்டு, கோடைக்கால ஆயத்த வகுப்பு. சேர்வதற்கு முன்னுள்ள ஆறு வாரங்களில் கணக்கியலும் புள்ளியியலும் அடிப்படையிலிருந்து கற்பிக்கப்படல் வேண்டும். 'கேஸ்' படிக்கும் முறையை முதலில் தமிழிலேயே பழக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, சூளை முன்பணம் ஆகியவற்றின் கணக்குகளே நமக்கு முதற் பாடங்களாகட்டும். தமிழில் வாதிட வந்தபின் ஆங்கிலத்தில் வாதிடப் பழகுதல் எளிதாகும்.

மூன்று, மூத்தோர் துணை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் படிப்பை முடித்த ஒருவர் பொறுப்பாளராவார். முதல் மூன்று மாதங்கள் வாரம் ஒருமுறை அவரே அழைத்துப் பேச வேண்டும். பிள்ளை அழைக்கட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. துன்பத்தில் இருப்பவர் அழைப்பதில்லை.

நான்கு, பெண் பிள்ளைகள். "இருபத்தொரு வயதில் இன்னும் இரண்டு ஆண்டா?" என்று வீட்டில் எழும் கேள்வியைத் தனியாக எதிர்கொள்ளும் நிலையில் அவர்களை விடலாகாது. படித்து முடித்த நம் பெண்கள் அவ்வீட்டுக்கு நேரிற் சென்று தாயிடமும் தந்தையிடமும் பேசுதல் வேண்டும். எங்கள் பதினொருவருள் பெண்கள் மூவர்; அவர்கள் இப்பொறுப்பை ஏற்றுள்ளனர்.

ஐந்து, உரிமை அறிதல். நிலையத்தில் இழிவு நேர்ந்தால் எவரிடம் எழுத்து மூலம் முறையிடுவது, அதன் படியை எவ்வாறு காப்பது, அங்குள்ள பட்டியலினத்தவர் குறைதீர் பிரிவு எது என்பவற்றைச் சேரும் முன்பே கற்பித்தல் வேண்டும். முறையீடு செய்யும் பிள்ளை தனியே நிற்கவில்லை என்பதைக் கழகத்தின் கடிதம் ஒன்று அந்நிலையத்துக்கு உணர்த்தும்.

இவற்றைப் பிறர் செய்க என்று கூறி நாங்கள் அமரவில்லை. பதினொருவரும் ஆண்டுதோறும் ஒரு வாரச் சம்பளத்தை முன்பண நிதிக்கு அளிக்க உறுதி பூண்டுள்ளோம். முதல் ஆண்டுத் தொகையைச் செயலாளர் அவர்களிடம் இன்று ஒப்படைக்கின்றோம். அதன் கணக்கு, கழகத்தின் பிற கணக்குகளைப் போன்றே ஆண்டுக் கூட்டத்தில் படிக்கப்படல் வேண்டும் என்பது எங்கள் ஒரே நிபந்தனை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். உயர்கல்வி நிலையத்தில் முதல்நாள் நுழையும்போது உங்களை அறிந்தவர் ஒருவரும் அங்கே இல்லாதிருக்கலாம். அவ்வாறு இருப்பின், நீங்கள் தேடும் அந்த ஒருவராக அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு நீங்கள் இருங்கள். குறிப்பேடுகளைப் பாதுகாத்து வையுங்கள். கோட்டினையும் மடித்து வையுங்கள். ஊரிலிருந்து தாய் அழைத்தால், அறையிலிருந்தே பேசுங்கள்.